திரையில்லாத முக்கால் மணித்தியாலம்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நம் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. டீசலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, சமையல் எரிவாயுவுக்கு வரிசை. அந்த நாட்களை நல்ல நாட்கள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் கைத்தொலைபேசியும் தொலைக்காட்சியும் இல்லாமல் ஒரு குடும்பம் சேர்ந்திருந்து மகிழ்வது எப்படி என்று எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மின்வெட்டுத்தான். மாங்கேணியில் அதை நான் கண்ணால் கண்டேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு – திருகோணமலை வீதியில், வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையில் இருக்கிறது. கிழக்கே கடல்; மேற்கே களப்பும் பற்றைக்காடும். இரவில் மின்சாரம் போனால் வீட்டுக்குள் புழுக்கம், முற்றத்தில் கடற்காற்று. ஆகவே பாயை எடுத்துக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். முதல் இரண்டு மூன்று நாள் போன் வெளிச்சத்தில் முகங்கள் தெரிந்தன. பிறகு சார்ஜ் இறங்கியது. அதன் பின்னர்தான் பக்கத்து வளவில் சாச்சி வீட்டார் பேசுவது எங்களுக்குக் கேட்கத் தொடங்கியது. ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பும் வந்தது. தராவீஹ் முடிந்து வந்தவர்கள் உள்ளே போகாமல் முற்றத்திலேயே இருந்தார்கள். உம்மம்மா விடுகதை போட்டார். சாச்சியின் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விடை சொன்னார்கள். சில நாட்களில் வேலியைத் தாண்டியே வந்துவிட்டார்கள். வெட்டு நேரம் மெல்ல மெல்லக் குறைந்ததும் பாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஒருவரும் அதை முடிவு செய்யவில்லை. தானாகவே நடந்தது.

அது ஏன் வந்தது, ஏன் போனது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மின்வெட்டின்போது யாரும் யாருடைய போனையும் பறிக்கவில்லை. வாப்பா, பிள்ளை என்ற பேதம் இல்லாமல் எல்லோருடைய திரையும் ஒரே நேரத்தில் இருண்டது. இன்று பல வீடுகளில் நடப்பது வேறு. பிள்ளையின் கையிலுள்ள போனை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, வாங்கியவர் கதிரையில் சாய்ந்து தன் போனில் செய்தி பார்க்கிறார். பிள்ளை அதைத் தண்டனை என்றுதான் விளங்கிக்கொள்ளும். பெற்றோர் கோபிக்க வேண்டாம். மாணவியாகிய நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. போன் உலகத்தில் எங்கள் வீட்டிலேயே பலவீனமானவர் உம்மம்மா. ஒரு இலக்கத்தை அழைப்பதற்கும் அவருக்கு நான் வேண்டும். இருட்டு முற்றத்தில் நிலைமை தலைகீழானது. கதை தெரிந்தவர், விடுகதை தெரிந்தவர், மண்ணில் குழி தோண்டி விளையாடத் தெரிந்தவர் அவர் ஒருவரே. எங்களுக்கு அவர் தேவைப்பட்டார். போனை அகற்றுவதால் மட்டும் குடும்பம் சேராது, அகற்றிய இடம் வெறுமையாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். வீட்டில் வயது மிகக் கூடியவரும் வயது மிகக் குறைந்தவரும் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிற ஒரு விளையாட்டோ வேலையோ அந்த இடத்துக்கு வர வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் எடுத்துச் சொல்பவை எல்லாம் அந்தச் சோதனையில் தேறியவை.

போனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எங்கள் வயதினரின் கையில் போனைத் தந்தது பாடசாலைதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப்பிலும் சூமிலும் பாடம் படித்தவர்கள் நாங்கள். இன்றும் உயர்தர வகுப்பின் குறிப்புகள் பாதி போனில்தான் வருகின்றன. அதைவிடப் பெரிய காரணம், எங்கள் வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். இந்தப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் வாப்பாவோ காக்காவோ உம்மாவோ வளைகுடா நாடொன்றில்தான் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் 'போனைத் தூர வையுங்கள்' என்று சொன்னால், 'வாப்பாவைத் தூர வையுங்கள்' என்றுதான் சிறு பிள்ளைக்குக் கேட்கும். திரையைப் பற்றி அறிவுரை சொல்லும் கட்டுரைகள் பல இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சிறு பிள்ளைகள் விடயத்தில் மட்டும் ஒரு அளவு தெரிந்திருப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. சோறு ஊட்டுவதற்கு மட்டும் போன் கொடுக்கும் வீட்டில் மூன்று வேளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஒரு மணித்தியாலம் அங்கேயே முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஒழுங்கு இருக்கிறது. இஷாத் தொழுகையும் சாப்பாடும் முடிந்த பிறகு முக்கால் மணித்தியாலம். உம்மாவின் போன், காக்காவின் போன், என்னுடைய போன் எல்லாம் தையல் மெசின் லாச்சிக்குள் போகும். முக்கால் மணித்தியாலம் என்பது யோசித்து வைத்த அளவு. ஒரு மணித்தியாலம் என்றால் பரீட்சைக்குப் படிக்கும் நானே முறையிடுவேன். அரை மணித்தியாலம் என்றால் ஒரு ஆட்டம் முடியாது.

அந்த ஆட்டம் பல்லாங்குழி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பெயரை அறிந்த தோழிகள் பலர் இருக்கிறார்கள். விதியை அறிந்தவர்கள் குறைவு.

உம்மம்மாவிடம் முன்பு மரத்தில் குடைந்த பலகை ஒன்று இருந்ததாம். 2004 சுனாமியில் வீட்டோடு அதுவும் போயிற்று. அதன் பிறகு அவர் வேறு பலகை தேடவில்லை. ஈர மண்ணில் உள்ளங்கையால் அழுத்தி எதிரெதிராக ஏழு ஏழு, மொத்தம் பதினான்கு குழி. மழைக்காலத்தில் வீட்டுக்குள் பதினான்கு சிரட்டையோ கழுவிய யோகட் கோப்பைகளோ போதும். காய்க்குப் புளியங்கொட்டை. கடற்கரையில் பொறுக்கிய சோகியும் ஆகும். சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் ஒலிந்த கெலிய இதன் சகோதரிதான். ஒலிந்த என்றால் குன்றிமணி. பார்க்க மிகவும் அழகான காய் அது. ஆனால் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் குன்றிமணி வேண்டாம். அதற்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டையில் நஞ்சில்லை என்றாலும் மழலைகளின் தொண்டையில் அடைக்கும். ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணிப் பைக்குள் போடுவது எங்கள் வீட்டுச் சட்டம். எழுபது இருக்க வேண்டும். அறுபத்தொன்பது என்றால் பாயை உதறாமல் யாரும் எழும்ப முடியாது.

ஆடும் முறை இது. குழிக்கு ஐந்தாக எழுபது காய். உங்கள் பக்கத்து ஏழு குழிகளும் உங்களுடையவை. உங்கள் குழி ஒன்றிலுள்ள காய் முழுவதையும் அள்ளி, அடுத்த குழியிலிருந்து வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். உங்கள் வரிசை முடிந்தால் எதிர் வரிசையில் ஏறிச் சுற்றி வரலாம். கையிலுள்ள கடைசிக் காய் விழுந்ததும், அதற்கு அடுத்த குழியிலுள்ளதை அள்ளி மீண்டும் போட வேண்டும். இப்படிப் போட்டுக்கொண்டே போகையில், கடைசிக் காய் விழுந்த குழிக்கு அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அந்த வெறுங்குழியைத் தாண்டிய குழியிலுள்ளதெல்லாம் உங்களுக்கு. உங்கள் முறை அத்துடன் முடிந்தது. அடுத்தடுத்து இரண்டு குழி வெறுமை என்றால் ஒன்றும் கிடையாது. ஆட்டத்தின் நடுவில் ஒரு குழியில் சரியாக நாலு காய் சேர்ந்துவிட்டால் அது பசு. குழிக்குரியவர் அதை அள்ளிக்கொள்ளலாம். பசு விதி எல்லா வீட்டிலும் இல்லை. தொடங்குமுன் பேசிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும்.

காக்கா முதன்முதலாக ஆட உட்கார்ந்தபோது எந்தக் குழியைத் தொடுவது என்று நெடுநேரம் யோசித்தார். உம்மம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "முதல் குழிக்கு இவ்வளவு யோசனையா மகன்? எங்க தொட்டாலும் ஏழுதான்" என்றார். நான் அன்றிரவே ஒரு தாளில் பதினான்கு வட்டம் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். எல்லாக் குழியிலும் சமமாக ஐந்து இருக்கும்போது பலகை ஒரு வட்டம். வட்டத்துக்குத் தொடக்கம் கிடையாது. எந்தக் குழியில் தொடங்கினாலும் ஐந்து தடவை அள்ளிப் போட்ட பிறகு ஒரு வெறுங்குழி வரும், அதைத் தாண்டிய குழியில் ஏழு காய் இருக்கும். குழிக்கு நாலாக வைத்து ஆடினால் முதல் கையில் ஆறு கிடைக்கிறது. ஆறாக வைத்தால் இரண்டே அள்ளலில் ஏழு. இணைந்த கணிதம் படிக்கும் தோழிகள் குழிக்கு ஏழு, எட்டு என்று வைத்துத் தாங்களே பார்க்கலாம். உம்மம்மா ஐந்தாம் வகுப்புடன் பாடசாலையை விட்டவர்.

ஒரு பக்கத்தில் காய் தீர்ந்தால் ஒரு சுற்று முடிவு. மிச்சம் இருப்பவை குழிக்குரியவருக்கு. இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த விதி. அடுத்த சுற்றுக்கு அவரவர் வென்ற காயைக் கொண்டே தம் குழிகளை நிரப்ப வேண்டும். தம்பிக்கு 28 காய்தான் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து குழியை நிரப்பலாம், கையில் மூன்று மிஞ்சும், இரண்டு குழிக்கு ஈர்க்கில் நட்டு மூட வேண்டும். எதிரே 42 வைத்திருப்பவருக்கு ஏழு குழியும் நிறைந்து கையில் ஏழு மிச்சம். தோற்றவர் எழும்பிப் போவதில்லை. குறைந்த குழியோடு இருந்து ஆடுகிறார். மூடிய குழிகளை மீட்டெடுக்கவும் வழியுண்டு. தம்பிக்கு ஏழு வயது. வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் தலைவலி வரும் பிள்ளை, எத்தனை குழி நிரப்பலாம் என்று மட்டும் எங்களுக்கு முன்னே சொல்லிவிடுவான்.

காய் விதைக்கும் இந்த விளையாட்டு நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. தமிழ்நாட்டிலும் பல்லாங்குழிதான். மலேசியாவில் சொங்காக், இந்தோனேசியாவில் டாக்கோன். ஆபிரிக்காவின் பல நாடுகளிலும் வேறு வேறு பெயர்களில் ஆடுகிறார்கள். உலகில் இவ்வகைக்கு வழங்கும் பொதுப் பெயர் மன்கலா. அறபு படிக்கும் தோழிகளுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்திருக்கும்: நகல, அதாவது இடம் மாற்றினான். எச். பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1909இல் பண்டைய இலங்கையைப் பற்றி வெளியிட்ட நூலில், இந்நாட்டுக் கிராமங்களில் ஆடப்பட்ட குழி விளையாட்டுகளை விதியோடு எழுதி வைத்திருக்கிறார். நம் வீட்டு மூத்தம்மாமார் ஆடிய விதிகளை யார் எழுதி வைத்தார்கள்? அயல் வீட்டு மாமி ஒருவர் எங்கள் முற்றத்துக்கு வந்தபோது, அவருடைய ஊரில் வெறுங்குழிக்கு எதிரேயுள்ள குழியையும் சேர்த்து அள்ளுவார்கள் என்றார். இரண்டு ஊருக்கு இரண்டு விதி. உம்மம்மாவின் விதியை இப்போது ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். ஒரு விதியை மூன்று தடவை கேட்டால் மூன்றாம் தடவை, "எழுதுறத வெச்சிட்டு ஆடு புள்ள" என்பார்.

பகடை உருட்டும் தாயம் எங்கள் வீட்டில் இல்லை. நர்து விளையாட்டைப் பற்றிய ஹதீஸை நினைத்து உம்மம்மா அதை அனுமதிப்பதில்லை. பல்லாங்குழியில் பகடை இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. தோற்றால் நம் கணக்குப் பிழை, அவ்வளவுதான்.

இனி வாப்பாவின் விடயம். கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். வாப்பா மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து அறைக்கு வரும்போது இங்கே இரவு எட்டரை. எங்கள் முக்கால் மணித்தியாலமும் அதே நேரம்தான். எல்லாப் போனையும் லாச்சிக்குள் போட்டால் வாப்பாவின் அழைப்பு என்னாவது? இதற்காக வீட்டில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில், வீடியோ இல்லாமல் குரல் அழைப்பு மட்டும் எடுப்பது என்றும், ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாயின் நடுவே வைப்பது என்றும் முடிவானது. உம்மா முதலில் சம்மதிக்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் பேசுவது ஒரு பேச்சா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. வெள்ளிக்கிழமை வாப்பாவுக்கு விடுமுறை என்பதால் அன்று பகலில் வீடியோ என்று ஒதுக்கிக்கொண்டோம்.

எதிர்பாராத ஒன்று நடந்தது. வீடியோவில் பேசிய காலத்தில் போன் கைக்குக் கை மாறும். ஒவ்வொருவரும் வாப்பாவின் முகத்துக்கு முன்னால் நின்று, "சாப்பிட்டீங்களா வாப்பா", "ஓம், நீங்க சாப்பிட்டீங்களா", "படிக்கிறீங்களா", "ஓம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார்கள். ஐந்து பேருக்கும் அதே நாலு வசனம். போன் பாயில் கிடக்கத் தொடங்கிய பிறகு வாப்பா எங்கள் சத்தத்தை எல்லாம் கேட்கிறார். காய் விழும் சத்தம், தம்பி களவு செய்தான் என்று நான் கத்துவது, உம்மம்மா சிரிப்பது. சில நாட்களில் பத்து நிமிடம் வரை வாப்பா ஒன்றும் பேசாமல் இருப்பார். லைன் துண்டித்துவிட்டதோ என்று கேட்டால், "இல்ல, இருக்கன், நீங்க ஆடுங்க" என்பார்.

வாப்பாவுக்குரிய விளையாட்டு விடுகதை. அதற்குப் பலகையும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். ஒரு அழைப்புக்கு ஒரு விடுகதை, விடை மறுநாள். ஒரு இரவு முழுக்க விடை தெரியாமல் இருப்பதுதான் இதன் சுவை. கூகுளில் தேடக் கூடாது என்ற கட்டுப்பாடு தேவைப்படவில்லை, ஏனென்றால் அவை வாப்பா தானாகக் கட்டியவை, தேடினாலும் கிடைக்காது. எல்லோரும் பிள்ளையை வயிற்றில் சுமப்பார்கள், நான் மட்டும் காலில் கட்டித் தொங்கவிட்டேன், நான் யார்? இது வாப்பாவின் விடுகதை. எங்கள் பக்கத்து மண்ணில் பிறந்தவர்கள் யோசித்தால் வந்துவிடும். மரமுந்திரிகை. பழத்துக்கு வெளியே கொட்டையைத் தொங்கவிடும் பழம் அதுதான்.

பிறகு நாங்களும் கட்டத் தொடங்கினோம். விடுகதை கட்டுவது சொல்வதை விடக் கடினம். ஒரு பொருளைப் பெயர் சொல்லாமல் சொல்ல வேண்டும். ஆனால் விடை தெரிந்தபின் அதைத் தவிர வேறெதற்கும் பொருந்தக் கூடாது. தமிழ் பாடத்தில் உருவகம் என்று படிப்பதைப் பாயில் இருந்து பழகலாம். தம்பி ஒரு நாள் கேட்டான்: "வீட்டுக்குள்ள ஒரு வீடு. அதுக்குள்ள வாப்பா. திறக்கக் கதவில்ல. அது என்ன?" எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாப்பா மறுநாள் வரை எடுத்துக்கொண்டார். விடை போன் என்று சொல்லிவிட்டு, விடுமுறை எப்போது கிடைக்கும் என்று கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார்.

இப்படிச் சேர்ந்திருப்பதைப் பற்றிப் பேசும்போது ஒருவரை மறந்துவிடுகிறோம். குடும்பமே முற்றத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். உம்மா குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார். பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக உம்மாவின் வேலை கூடினால் அதைக் குடும்ப மகிழ்ச்சி என்று எப்படிச் சொல்வது? ஆகவே வேலையை முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள் என்பது என் வேண்டுகோள். மறுநாளைக்கு இறால் உரிப்பது, முருங்கையிலை ஆய்வது, பயறு பொறுக்குவது எல்லாம் பாயில் இருந்தபடி செய்யக்கூடியவை. கைக்கு வேலை இருக்கிறது, வாய் சும்மா இருக்கிறது. அந்த நேரத்தில் வரும் கதை வேறு எப்போதும் வருவதில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் இறால் உரிக்கத் தெரியும், கற்றுக்கொடுத்தால். காக்கா இப்போது என்னைவிட வேகமாக உரிக்கிறார். முன்பு பன்பாய் பின்னிய பெண்கள் இப்படித்தான் கூடியிருந்து பின்னினார்கள். பன்னை வெட்டிக் காயவைத்து, சாயத்தில் அவித்து, ஒருவர் தொடங்கிய பாயை இன்னொருவர் தொடரலாம். எங்கள் வீட்டில் அந்தக் கை உம்மம்மாவோடு நின்றுவிட்டது. ஒரு சிறிய தடுக்கு மட்டும் பின்னக் கற்றிருக்கிறேன். ஓரம் மடிப்பது இன்னும் வரவில்லை.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், உம்மம்மாவும் உம்மாவும் சாச்சியும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருக்கிறார்கள். மூன்று தலைமுறையைச் சேர்க்க மற்ற ஊர்களில் பிரயாணம் செய்ய வேண்டும். இங்கே வேலியில் ஒரு கடப்பு இருந்தால் போதும். இந்த வசதி நமக்கு இருக்கும்போது பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் பெரிய வீணாகத் தெரிகிறது.

பகலில் ஆடும் கிளித்தட்டு, கொக்கான், நாயும் புலியும் எல்லாவற்றையும் விரித்து எழுத இடமில்லை. கொக்கானில் மட்டும் ஒன்று சொல்லலாம்: ஐந்து கல்லை வைத்துக்கொண்டு நாற்பது வயது சாச்சி பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தோற்கடிப்பதைப் பார்ப்பது கண்ணுக்கு விருந்து.

மட்டக்களப்புப் பட்டினத்துக்கு உறவினர் வீடு போகும் குடும்பங்கள் காதுக்கும் ஒரு விருந்தைத் தேடலாம். கல்லடிப் பாலத்தடியில் நிலவு இரவில் வாவிக்குள்ளிருந்து எழும் இசையைப் பாடும் மீன் என்கிறோம். 1848 செப்டெம்பரில் அங்கு வந்த அரசாங்க அதிகாரி எமர்சன் டெனன்ட் இரவில் வள்ளத்தில் போய் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். வள்ளத்தின் பலகையில் காதை வைத்தபோது சத்தம் பலமடங்கு பெரிதாகக் கேட்டதாம். மீனவர்கள் அவருக்கு ஊரியைக் காட்டி, இதுதான் சத்தமிடுகிறது என்றார்களாம். மீனா ஊரியா என்று வீட்டில் விவாதிக்கலாம். போக வாய்ப்புக் கிடைத்தால் வள்ளக்காரருடைய சவளின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேளுங்கள். அங்கே எல்லோரும் வாய் மூடி இருக்க வேண்டும். அதுவே சில குடும்பங்களுக்குப் புதிய அனுபவம்.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று: பிறை பார்த்தல். நோன்புக்கும் பெருநாளுக்கும் மட்டும்தான் நாம் வானத்தைப் பார்க்கிறோம். அன்று கொழும்பு பெரிய பள்ளிவாசலில் தலைப்பிறை மாநாடு கூடும். நாங்கள் வானொலியில் காத்திருப்போம். மற்றைய மாதங்களிலும் பிறை பிறக்கத்தானே செய்கிறது? ஒவ்வொரு மாதமும் 29ஆம் நாள் மஃரிபுக்குப் பிறகு பார்ப்பது என்று சென்ற வருடம் தொடங்கினோம்.

மாங்கேணிப் பிள்ளைகள் பிறை என்றதும் கடற்கரைக்கு ஓடுவார்கள். கடல் கிழக்கில் இருக்கிறது. தலைப்பிறை சூரியன் மறைந்த பக்கத்தில், மேற்கில்தான் தெரியும். எனவே வீதியைக் கடந்து களப்புப் பக்கம் வர வேண்டும். முழுநிலாவுக்குத்தான் கடற்கரை; சூரியன் களப்பில் இறங்கும் நேரத்தில் அது கடலில் ஏறும். சந்திரன் ஒரு நாளில் சூரியனை விட்டு ஏறத்தாழ 12 பாகை விலகுகிறது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஆகவே இன்று கண்ட பிறை நாளை இதே நேரம் ஒரு முஷ்டிக்குச் சற்றுக் கூடுதலாக மேலே நிற்கும். தம்பி ஒரு கண்ணை மூடி முஷ்டியால் அளப்பான். அளந்ததைப் படமாகக் கொப்பியில் வரைவான். பிறைக்குப் பிறை 29 நாளும் பன்னிரண்டரை மணித்தியாலத்துக்கும் சற்றுக் கூடுதலாகும். அதனால்தான் மாதம் சிலவேளை 29, சிலவேளை 30. பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 அல்லது 355 நாள். நோன்பு வருடத்துக்கு வருடம் பதினொரு நாள் அளவில் முன்னே வருவதன் கணக்கு இதுதான்.

வாப்பாவும் அங்கே பார்க்கிறார், அறையின் மொட்டைமாடியில் ஏறி. தோஹாவில் சூரியன் மறைவது இங்கே மறைந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு. அதற்குள் சந்திரன் இன்னும் ஒரு பாகை விலகி, பிறைக்கு வயது கூடிவிடும். இங்கே கண்ணுக்குப் படாத பிறை சில மாதங்களில் அங்கே படுவதற்கு அது ஒரு காரணம். சென்ற மாதம் 29ஆம் நாள் களப்போரத்தில் நாங்கள் நெடுநேரம் நின்றும் ஒன்றும் தெரியவில்லை. இரவு எட்டரைக்கு வாப்பா அழைத்து, தான் கண்டதாகச் சொன்னார். தம்பி கொப்பியில் அந்த நாளுக்கு எதிரே படம் வரையவில்லை. 'இங்க இல்ல, வாப்பாக்கிட்ட இருந்திச்சி' என்று எழுதி வைத்திருக்கிறான்.